அணைக்குக் கீழே

மேட்டூர் அணையின் மதகுகள் மூடியிருக்கும் மாதங்களில், கீழே பாறைகளினிடையே மடுக்கள் தேங்கி நிற்கும். என் தந்தையார் அங்கே தூண்டிலுடன் அமர்ந்திருப்பார். மண்புழு நிறைந்த கொட்டாங்கச்சிக்குச் சிறுவனாகிய நான் காவல்.

கெண்டையும் கெளுத்தியும் அகப்படும். அவர் காத்திருந்ததோ பொம்மீனுக்காக. கன்னடர் பிளிமீனு என்றும், ஆங்கிலேயர் மாசீர் என்றும் அழைத்த மீன் அது. 1946இல் மைசூர்ப் பகுதியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மீன் 120 பவுண்டு எடையுள்ளது. தந்தையாருக்கு ஒருநாளும் அது வாய்க்கவில்லை. மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடுவது அதன் இயல்பு. 1934இல் கட்டி முடிந்த அணையை அது எங்ஙனம் கடக்கும்? காவிரியின் திமில் மாசீர் அற்றுப்போகும் நிலையில் இருப்பதாக 2018இல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மத்திய அரசுப் பணியேற்று நான் பெங்களூர் வந்தேன். சென்ற ஆண்டு தந்தையார் முதன்முறையாக வந்தபோது, குடிநீரைப் பருகிவிட்டு, "எந்த ஊர்த் தண்ணீரப்பா?" என்றார்.

"நம் காவிரிதான், அப்பா. 1974 முதல் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் குழாய்வழி, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்."

அவர் குவளையைச் சற்றுநேரம் நோக்கினார். "தண்ணீரை இவ்வளவு உயரம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, மீன் ஏற ஒரு வழி விடத் தெரியவில்லையே!"

கீழிருந்து மேலேறி வந்தவன்தான் நானும். எனக்கு ஒரு தேர்வு வழிவிட்டது. அன்றாடம் கோப்புகளில் பதில் எழுதும் எனக்கு, அன்று சொல்ல ஒரு பதிலும் இல்லை.