தலைக்கு ஒரு வரி

பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அதிகாரம் உச்சத்தில் இருந்த 1987-இல்தான் நான் லண்டன் வந்து சேர்ந்தேன். அந்த வருசம் பெப்ரவரியில், இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படவிருந்த எங்கள் தமிழ்ப் பெடியள் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடுப்பைக் கழற்றிப்போட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அரசு அசையவில்லை. உரிய பத்திரம் இல்லாதவரை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்று சட்டமே கொண்டுவந்தது. ஜூனில் மூன்றாவது தேர்தலையும் 102 ஆசனப் பெரும்பான்மையோடு வென்றார் அவர். அந்த மனிசி நினைத்தது நடக்கும் என்று விரும்பியவர்களும் வெறுத்தவர்களும் ஒன்றுபோல நம்பிய காலம் அது.

அந்தத் தைரியத்தில்தான் போல் டாக்ஸ் வந்தது. அதுவரை வீட்டின் மதிப்பைப் பார்த்து வரி கட்டினார்கள். இனிமேல் வீடு பெரிதோ சிறிதோ, பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொரு தலைக்கும் வரி. வேலையில்லாதவரும் மாணவரும்கூட ஐந்தில் ஒரு பங்கு கட்டவேண்டும். ஸ்கொட்லாந்தில் 1989-இலும் இங்கிலாந்தில் 1990 ஏப்ரல் 1-ஆம் திகதியும் நடைமுறைக்கு வந்தது.

ஈஸ்ட் ஹாமில் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் பெரியவர்கள் ஆறு பேர் இருந்தோம். முன்னறையில் மாமாவும் மாமியும், மேலே இரண்டு அறைகளில் நாங்கள் நான்கு பெடியள். வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் ஒருவர் பொறுப்பெடுத்து எழுதித்தரும்படி கவுன்சிலில் இருந்து படிவம் வந்தது. மாமா அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டுத் தொடாமலே இருந்தார்.

"தம்பி, உந்தப் பேருகள் ஹோம் ஒபிசுக்கும் போகுமோ?"

ஹோம் ஒபிசில் இருந்து அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருந்த எங்களுக்கு, வரியைவிட அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. பிறகு ஆறு பெயருக்கும் ஆறு கடித உறைகள் கதவுத் துவாரத்தால் விழுந்தன. ஆளுக்குச் சராசரி 278 பவுண் வரும் என்று அரசு கணக்குச் சொல்லியிருந்தது. இங்கிலாந்தில் கடைசியில் வந்தது 360-க்கும் மேலே. அதே கவுன்சில் எல்லைக்குள் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பணக்காரருக்கு ஒரு பங்கு, எங்கள் வீட்டுக்கு ஆறு பங்கு. இது அநியாயம் என்று விளங்க ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை.

1990 மார்ச் 31, சனிக்கிழமை. சாரிங் கிராஸ் ரோட்டுப் பக்கம் ஒரு உணவகத்தில் எனக்குப் பின்னேர வேலை. கென்னிங்டன் பூங்காவில் இருந்து இரண்டு லட்சம் பேர் வரையில் அந்த வரிக்கு எதிராக ஊர்வலமாக வந்திருந்தார்கள். மத்தியானத்தில் நான் கண்டவர்கள் தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தாய்மாரும், தொழிற்சங்கப் பதாகை பிடித்த கிழவர்களும்தான். நாலு மணிக்குப் பிறகு எல்லாம் மாறியது. குதிரைப் பொலிஸ் சனத்துக்குள் பாய்ந்தது. டிரஃபால்கர் சதுக்கத்தில் கட்டட வேலைக் கொட்டில்கள் எரிந்து கரும்புகை எழும்பியது. முதலாளி கதவைப் பூட்டினார். மண்டை உடைந்த ஒரு பெடியனையும் அவன் சிநேகிதியையும் உள்ளே எடுத்து, மேசைத் துணியால் கட்டுப்போட்டோம். ஊரில் ஆமியைக் கண்டு ஓடியவன் நான். லண்டன் நடுவில் அந்தக் குளம்புச் சத்தத்தைக் கேட்டபோது கை நடுங்கியது.

கலவரம் தாட்சரை விழுத்தவில்லை. விழுத்தியது அவருடைய சொந்த ஆட்கள். லட்சக்கணக்கானோர் வரி கட்ட மறுத்தார்கள். வட்டி 15 வீதத்தில் நின்றதால் வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களும் அவரைக் கைவிட்டன. அடுத்த தேர்தலில் தோற்போம் என்ற பயம் கட்சிக்குள் புகுந்தது. ஐரோப்பா விடயத்தில் முரண்பட்டு அமைச்சரவையில் இருந்து விலகிய ஜெஃப்ரி ஹவ், நவம்பர் 13-இல் நாடாளுமன்றத்தில் அவரைக் குற்றஞ்சாட்டினார். கட்சித் தலைமைக்கான முதல் சுற்றில், எதிர்த்துப் போட்டியிட்ட மைக்கேல் ஹெசல்டைனை 204-க்கு 152 என்று முந்தியும், தாட்சருக்கு விதிப்படி வெல்ல இன்னும் நான்கு வாக்கு தேவைப்பட்டது. மறுநாள் மாலை அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்து, வெல்லமாட்டீர்கள் என்றார்கள். 22-ஆம் திகதி காலை, விலகுவதாக அறிவித்தார்.

பதினொரு வருசம் எவர் சொல்லையும் கேளாத தலைமையை, குடும்பக் கணக்குப் புரியாத ஒரு வரி தின்றுவிட்டது. இதுதான் நான் கண்டது. 1993-இல் அந்த வரி போய், வீட்டு மதிப்பை வைத்துக் கவுன்சில் டாக்ஸ் வந்தது. இங்கிலாந்தில் அதற்கு இன்றும் 1991 ஏப்ரல் மாத வீட்டு விலையைத்தான் பார்க்கிறார்கள். பின்னர் வந்த எந்தப் பிரதமரும் அதை மாற்றத் துணியவில்லை.