நாவலூர் ஏரிக்கரைக் கீழாநெல்லி

‘வயலில் களையாக முளைக்கும் கீழாநெல்லியைக் காயவைத்து விற்கலாமா?’ என்று தையூர் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருந்தார். பதிலைத் தேடி நாவலூருக்கே போய்வந்தேன்.

ஐ.டி. கட்டடங்களைத் தாண்டி ஏரிப்பக்கம் திரும்பினால், இன்னும் கட்டடம் எழும்பாத மனைகள் சில உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவை நெல் வயல்கள். ஐப்பசி மழை விட்டிருந்தது. பழைய வரப்பெல்லாம் கீழாநெல்லி. கூட வந்த இருளர் பாட்டி, நான் பறித்ததைப் பிரித்துப் பார்த்துப் பாதியைக் கீழே போட்டார்.

“இது வேற சார். தண்டு செவப்பா இருக்கு, காய் சொரசொரன்னு ஒட்டிக்கிட்டிருக்கு. நல்லதுல காய் வழவழன்னு காம்போட தொங்கும்.”

வேளாண் பட்டம் பெற்ற எனக்கு அன்று ஒரு பாடம்.

இந்தச் செடிக்கு ஒரு சென்னைக் கதை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியை ரத்தத்தில் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 200 மில்லி கிராம் வீதம் தினம் 3 வேளை, 30 நாள் கொடுத்தது. முடிந்து 15-20 நாளில் பரிசோதித்தபோது, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத பொருளை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. 1988-ல் லான்செட் இதழில் வெளியான இக்கட்டுரையில், அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் பங்கேற்றார்.

ஆனால், தாய்லாந்தில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி மாறியதா, விளைந்த மண் மாறியதா, முதல் ஆய்வு சிறியது என்பதாலா என்று விவாதம் எழுந்தது. அதனால் காமாலை கண்டால் முதலில் ரத்தப் பரிசோதனை, மருத்துவர் ஆலோசனை. கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

விவசாயிக்கு என் பதில்: விற்கலாம். ஆனால் காயோடு, வேரோடு ஒரு செடியைப் பிடுங்கி, தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்யுங்கள். சாக்கடையோரம், குப்பைமேடு, களைக்கொல்லி தெளித்த வயல் ஆகிய இடங்களில் பறிக்காதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். வாங்குபவரிடம் விலை பேசிய பிறகே அறுவடை.

அடுத்த மழைக்குள் அந்த மனையிலும் அஸ்திவாரம் போட்டுவிடுவார்களாம். காய் முற்றிய செடிகளாகப் பார்த்துப் பாட்டி ஒரு பை நிறையக் கொடுத்தார். விதையை எங்கள் அலுவலகத்துப் பின்புறம் தூவியிருக்கிறேன்.