காஞ்சியில் ஒரு லாரி வைத்தியம்

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்குப் பட்டுப் புடவை நினைவுக்கு வரும். அல்லது காமாட்சி அம்மன் நினைவுக்கு வருவாள். 2019இல் 48 நாள் காட்சி தந்த அத்தி வரதரை நெரிசலில் நின்று தரிசித்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, ஊருக்கு வெளியே பெங்களூர் நெடுஞ்சாலையோரத்தில் ஒரு லாரிப் பட்டறையையும் எட்டிப் பாருங்கள். "பட்டறையில் எங்களுக்கு என்ன வேலை?" என்கிறீர்களா? எனக்கும் வேலையில்லைதான். வாடகைக் காரின் டயர் பஞ்சராயிற்று. அதனால் ஒரு நல்ல காட்சி கிடைத்தது!

அங்கே ஒரு லாரி நின்றது. காலையில் ஒழுங்காகக் கிளம்புமாம். வழியில் டீ குடிக்க நிறுத்தினால், சூடு ஆறும்வரை மறுபடி கிளம்பாதாம். "நாலு இன்ஜெக்டரையும் மாற்றணும்" என்று வேறோர் இடத்தில் சொல்லிவிட்டார்களாம். சொந்த லாரிக்காரர். கூட வந்த மனைவியின் மடியில் ஒரு துணிப்பை. மகளின் கல்யாணப் புடவைக்கான பணம் அதில் இருந்தது. அந்த அம்மாள் பையை இறுகப் பிடித்திருந்த விதமே எல்லாவற்றையும் சொல்லிற்று.

"அவசரப்படாதீங்க தங்கச்சி, முதல்லே பார்ப்போம்" என்றார் மேஸ்திரி.

இந்தக் காலத்து லாரியில், டீசலை ஒரு பம்ப் பொதுக் குழாய் ஒன்றில் ஏற்றி, காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்துகிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைப் பனிபோல் எஞ்சினுக்குள் தூவுகின்றன. எப்போது, எவ்வளவு என்று கட்டளையிடுவது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். இன்ஜெக்டரின் உள்ளே பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளியோ, பட்டுப்புழு நூற்கும் ஒற்றை இழையைவிட மெல்லியது! தூசியும் தண்ணீரும் அதற்கு எமன்.

மேஸ்திரி ஒரு கருவியை மாட்டினார். "குழாயில் அழுத்தம் போதவில்லை" என்றது அது.

"இது நோய் இல்லீங்க, ஜுரம். எதனாலே ஜுரம்னு நாமதான் கண்டுபிடிக்கணும்" என்றார் அவர்.

டீசல் வடிகட்டியின் அடிக்குழாயைத் திறந்தார், தண்ணீர் இல்லை. வடிகட்டியும் அடைபடவில்லை. அழுத்தத்தை அளக்கும் சென்ஸாரின் ஒயர் முனையைக் கழற்றிப் பார்த்தார், துருவில்லை. பழைய வண்டியைப் போல் ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்க வந்த பையனை அதட்டினார். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம்.

பிறகு, இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் மெல்லிய குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு பாட்டிலில் விட்டார். எஞ்சின் சூடாக இருக்கும்போதே சாவியைத் திருப்பினார்கள். மூன்று பாட்டில்களில் விரற்கடை அளவுகூட இல்லை. நான்காவதில் பாதி!

"இவன்தான் திருடன்!" என்றார் மேஸ்திரி. சூட்டில் டீசல் இளகும், தேய்ந்த இடைவெளி வழியே நழுவித் திரும்பிவிடும், அழுத்தம் ஏறாது. குளிர்ந்த வண்டி கிளம்பி, சூடான வண்டி சண்டித்தனம் செய்த காரணம் அதுதான்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றி, அதன் எண்ணைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். வண்டி கிளம்பியது. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் நிறுத்தி, எல்லோரும் டீ குடித்து, மறுபடி கிளப்பினார்கள். உடனே உறுமியது!

மாலையில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியைப் பார்த்தேன். மேலே துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள். துளைகளின் கட்டளைப்படி இழைகள் எழும்புகின்றன. அன்னத்தின் கழுத்தில் ஒரு பிழை விழுந்திருந்தது. நெசவாளர் பாவை அறுக்கவில்லை. எந்த அட்டை, எந்தக் கொக்கி என்று நிதானமாகத் தேடினார். மேஸ்திரியின் வித்தையேதான்!

மிக்ஸியானாலும் மோட்டாரானாலும், "எல்லாவற்றையும் மாற்றணும்" என்று யாராவது சொன்னால், "எது கெட்டது, காட்டுங்கள்" என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தம்பதி புடவைக் கடைகளுள்ள காந்தி ரோட்டுக்கு ஆட்டோ ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பட்டறையை விட்டுக் கிளம்பினேன். அந்த அம்மாளின் பை மெலிந்துதான் இருந்தது, ஆனால் காலியாகவில்லை.