கறிக்கட்டையும் முப்பத்து நான்கு பல்லும்

ஆட்டுக்கறிக் கடையில் கறி கொத்தும் கட்டை தமிழ்நாட்டில் பெரும்பாலும் புளிய மரம்தான். அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கத்தி எத்தனை முறை இறங்கினாலும் சிராய் கிளம்பிக் கறியில் ஒட்டாது. மரத்தைக் குறுக்கே வட்டமாக அறுத்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. கத்தியின் வாய் நார்களுக்கு இடையில் இறங்குகிறது, சீக்கிரம் மழுங்குவதில்லை. கறிக்கடைக்காரருக்குத் தோதான இந்தக் குணங்கள்தான் மரம் அறுப்பவரின் பிராணனை வாங்குகின்றன.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் ஒரு மரக்கடை. பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்ததால் கிராக்கி ஏறியிருந்தது. கொட்டகைக்குள் அரை அடி முதல் ஒன்றரை அடி உயரம் வரை கட்டைகளை அடுக்கி ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். வெயில் பட்டால் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடிவிடும். வெடித்த கட்டையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அறுப்பவர் ஐம்பதைத் தாண்டியவர். முதலாளி உட்பட எல்லாருக்கும் அவர் ‘மிஷின் அண்ணன்’.

கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மரம் அறுக்கும் செயின் மிஷின் அவருடையது. பெட்ரோல், டூ டி ஆயில், செயின், அரம் எல்லாம் அவர் கைக்காசு. இந்த ஏற்பாடு தெரிந்த பிறகுதான் அவர் மிஷினில் செய்து வைத்திருந்த ஒவ்வொரு மாற்றமும் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

அவரிடம் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹஸ்க்வர்னா 365, 65 சிசி. மற்றது பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற 58 சிசி சீன மிஷின். ஏன் 90 சிசி வாங்கவில்லை என்று கேட்டேன். “யார் தூக்குறது சார்?” என்றார். 65 சிசி மிஷினே, செயின் சுற்றி ஓடும் பாரும் செயினும் மாட்டி டேங்க் நிரப்பினால் எட்டுக் கிலோவைத் தொடும். காலையிலிருந்து அதைக் குனிந்து நிமிர்ந்து ஏந்த வேண்டும். 45 சிசி கிளை கழிக்கச் சரி. இரண்டடி விட்டமுள்ள புளியில் வைத்தால் முக்கி முனகிக் கிளட்ச்சைப் புகைய வைத்துவிடும். நடுத்தர மிஷின் என்பது அவர் இடுப்புக்கும் மரத்துக்கும் நடுவில் எட்டப்பட்ட சமரசம்.

முதலில் மாற்றியது பாரைத்தான். வாங்கும்போது இருந்த 24 அங்குல பாரைக் கழற்றிவிட்டு 18 அங்குலம் போட்டிருந்தார். பார்ப்பவர்களுக்கு இது பின்னோக்கிப் போவதாகத் தோன்றும். நீள பார் வைத்திருப்பவனுக்குத்தான் சந்தையில் மரியாதை. ஆனால் 24 அங்குலச் செயினில் 42 வெட்டுப்பல், 18 அங்குலத்தில் 34. கெட்டி மரத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பல் புகுந்திருக்கிறதோ அத்தனை சுமை எஞ்சினுக்கு. தவிர, தீட்டவும் எட்டுப் பல் குறைவு. இரண்டடி மரத்தை ஒரே இறக்கில் அறுக்க முடியாது என்பது மட்டும்தான் நட்டம். அதற்கு அவர் சாக்பீஸால் மரத்தைச் சுற்றி நூல் பிடித்துக் கோடு போடுகிறார். ஒரு பக்கம் அறுத்து, கடப்பாரையால் புரட்டி, மறுபக்கம். கோடு தப்பினால் கட்டையின் நடுவில் படி விழும். இழைப்புளி போடுகிற தச்சர் வாயில் விழ வேண்டியிருக்கும்.

அடுத்தது பல். உருண்டை அரத்தால் அவர் தீட்டுகிற விதத்தைப் பார்க்கவே அங்கே போகலாம். இந்தச் செயினுக்கு 5.5 மி.மீ. அரம். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றே இழுப்பு, உள்ளிருந்து வெளியே மட்டும். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடாது. சாதாரணமாக 30 பாகை சாய்த்துத் தீட்டுவார்கள். இவர் 25-க்குக் குறைத்திருக்கிறார். மெலிந்த முனை வேகமாக வெட்டும்தான். புளியில் அதே வேகத்தில் மழுங்கியும் போகும். கூர்மூலைச் செயினையும் விட்டுவிட்டு மூலை உருண்ட செயின் வாங்குகிறார். பட்டையில் மண்ணும் புழுதியும் அப்பிய மரத்தில் அதுதான் தாங்குகிறது.

வெட்டுப்பல்லுக்கு முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். பல்லைவிட ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். அவரிடம் தொழில் கற்கும் பையன், வேகம் கூடும் என்று திமில்களைத் தட்டை அரத்தால் இழைத்துத் தள்ளியிருக்கிறான். செயின் மரத்தைக் கடித்துப் பிடித்து மிஷின் துள்ளியிருக்கிறது. “ஒரு செயின் போச்சு சார். அவன் சம்பளத்துல பிடிக்க மனசு வரல” என்றார். பையன் சிரித்தான்.

இந்தச் செயினின் பூர்வகதை புளிய மரத்துக்குப் பொருத்தமானது. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டி, அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். அது தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்து அவர் செய்த பல்தான் இன்றைய செயின்களுக்கு மூலம். புளியின் வெளுத்த வெளிமரத்தைப் புழு துளைக்கும். நடுவிலுள்ள கருஞ்சிவப்பு வைரத்தை அவ்வளவாகத் தொடாது. புழுவே ஒதுங்குகிற இடத்தில் அண்ணனின் செயின் இறங்குகிறது.

சைலன்சரைப் பற்றிக் கேட்டேன். இன்னொரு துளை போட்டு மூச்சைத் திறந்துவிட்டால் மிஷின் சீறும் என்று சில மெக்கானிக்குகள் செய்துகொடுக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அப்படிச் செய்தால் கார்ப்பரேட்டர் திருகையும் திறந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் காற்று மிகுந்து, சூடேறி, பிஸ்டன் கீறிப் பிடித்துக்கொள்ளும். கூட்டினாலோ பெட்ரோல் செலவு. அண்ணன் தொடவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. இப்போதே நூறு டெசிபலைத் தாண்டிக் கத்துகிற எந்திரம் அது, அவரோ காதில் பஞ்சு மட்டும் வைத்திருந்தார். பெட்ரோலுக்கு ஆயில் கலப்பதில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை. லிட்டருக்கு 20 மில்லி, டானிக் பாட்டில் மூடியால் அளந்து.

தலைக்கவசமும் முகத்திரையும் கொட்டகைத் தூணில் தொங்கின. செயின் பட்டால் நார் நாராகப் பிரிந்து சக்கரத்தில் சுற்றி எந்திரத்தை நிறுத்திவிடுகிற கால்சட்டை ஒன்று உண்டு. அவரிடம் இல்லை. அதுவும் கைக்காசு கணக்கில்தான் வரும். பாரின் நுனியில் மேற்பாதி மரத்தில் பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தைப் பார்த்து எகிறும். அதற்குத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் பிரேக். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பூட்டிப் பிடிப்பதையும், நுனியை மரத்தில் முட்டவிடாததையும் அவர் ஒருபோதும் தளர்த்தவில்லை. செருப்புக் காலோடுதான்.

அறுக்கும்போது அவர் கண் பாரில் இல்லை, கீழே விழுவதில் இருந்தது. செதிலாக விழுந்தால் ஓட்டுவார். மாவாக விழ ஆரம்பித்த உடனே நிறுத்தி அரத்தை எடுப்பார். அழுத்தி ஓட்டினால் இன்னும் ஒரு கட்டை எடுக்கலாமே என்றதற்கு, அந்த ஒரு கட்டைக்கு இரண்டு கட்டை பெட்ரோல் போகும், பாரும் தேயும் என்றார். மரம் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும் என்று அவர் முதலாளியை விரட்டுவதும் இதனால்தான். ஒரு கோடை காய்ந்த புளியந்தூர் கல்.

புளியில் இரண்டு சாதி என்றார்: தோப்பு மரம், ரோட்டு மரம். நெடுஞ்சாலைக்காக வெட்டி ஏலம் விட்ட ரோட்டு மரங்களில் ஆணி இருக்கும். டியூஷன் விளம்பரம், கட்சித் தட்டி, மூலம் பவுத்திரம் என்று யார் யாரோ அடித்தவை. மரம் அவற்றைத் தின்று மேலே பட்டை மூடிவிடும். இரும்பு பட்ட இடத்தில் மரம் நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். வெட்டுமுகத்தில் அந்தக் கறையைத் தேடித்தான் அவர் மிஷினைத் தேர்ந்தெடுக்கிறார். கறை தெரிந்தால் சீன மிஷின், தேய்ந்த செயின். தெரியாவிட்டால் நல்லது வரும். கறை ஆழத்தில் இருந்தால் யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு மதியம் அதுதான் நடந்தது. நல்ல செயின் உள்ளே போய்ப் பொறி பறந்தது. பதினைந்து பல்லுக்கு மேல் மூலை உடைந்து போயிருந்தது. அண்ணன் செயினைக் கழற்றி முதலாளி மேஜை மேல் வைத்தார்.

“ரோட்டு மரத்துக்குச் செயின் ஒங்க கணக்கு முதலாளி. தோப்பு மரத்துக்கு என் கணக்கு.”

“பக்ரீத் முடியட்டும்ண்ணே, பேசிக்கலாம்.”

“பக்ரீத்துக்கு முன்னாடி பேசுனாத்தான் பேச்சு” என்று டீக்கடைப் பக்கம் நடந்தார். கட்டைக்கு முன்பணம் கொடுத்த கறிக்கடைக்காரர் ஒருவர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். டீ வருவதற்குள் செயினுக்குப் பாதி விலை தர முதலாளி ஒத்துக்கொண்டார். அரம் யார் கணக்கில் என்பது அன்றைக்குத் தீரவில்லை.