7.20... யார் தப்பு?

சேத்துப்பட்டுன்னதும் எழும்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவுல வர்ற எலெக்ட்ரிக் டிரெயின் ஸ்டேஷன்தானே ஞாபகம் வருது? ஸாரி பாஸ், நான் போனது திருவண்ணாமலை மாவட்டத்து சேத்துப்பட்டு. ஆரணியில இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும். ஊருக்குள்ள லூர்து மாதா கோயிலைப் பார்த்துட்டு அந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சா, 'டக்... டக்...'னு தறிச் சத்தம்.

எங்க காலேஜ் பேஸ்பால் டீமோட பிட்சர் வீடு அது. என்னது, நம்ம ஊர்ல பேஸ்பாலான்னு சிரிக்காதீங்க. ஆடுறோம். நான் ஆடலை, ஸ்கோர் எழுதுறேன். கையில சயின்டிஃபிக் கால்குலேட்டர் வெச்சிருந்த ஒரே குற்றத்துக்காக அந்த வேலை என் தலையில விழுந்தது!

பாதி சீஸன் முடிஞ்சதும் பேட்டிங், பிட்சிங் கணக்கெல்லாம் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டினேன். நம்ம பிட்சர் பேருக்கு நேரா ஈ.ஆர்.ஏ. 7.20. அவர் விட்ட ரன்னை ஒன்பதால பெருக்கி, வீசின இன்னிங்ஸால வகுத்தா வர்ற எண் அது. குறைவா இருந்தாதான் கெத்து. அவன் 10 இன்னிங்ஸ்ல 8 ரன் விட்டிருந்தான். பி.டி. சார் பார்த்தார். "அடுத்த மேட்ச் பெஞ்ச்"னுட்டார். ரெண்டு நாள் என்கிட்ட பேசாம இருந்தவன், மூணாவது நாள், "அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்கடா"ன்னான். எப்படி மறுக்கிறது?

அவங்க அப்பா குழித்தறியில உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்துட்டு இருந்தார். பக்கத்துல ஒரு நாற்பது பக்க நோட்டு. புரட்டிப் பார்த்தா, தேதி போட்டு ரெண்டு பத்தி. "இது என்னப்பா?"ன்னேன்.

"இந்தப் பக்கம் என் கை தப்பு தம்பி. அந்தப் பக்கம் நூல் சரியில்லாம அறுந்தது. ரெண்டையும் ஒண்ணா எழுதினா மொத்தத்தையும் என் கூலியில பிடிச்சுடுவாங்க."

எனக்கு நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு. ஏன்னா பேஸ்பால்லயும் அதே விதிதான்! ஃபீல்டர் கேட்சைக் கோட்டைவிட்டதால வந்த ரன், பிட்சர் கணக்குல சேரக் கூடாது. 'அந்தத் தப்பு நடக்கலைன்னா இந்த ரன் வந்திருக்குமா'ன்னு ஸ்கோரர் அந்த இன்னிங்ஸை மறுபடி மனசுல ஓட்டிப் பார்க்கணும். நான் எங்க ஓட்டினேன்? எட்டையும் அப்படியே கூட்டிட்டேன்.

ஸ்கோர் ஷீட்டைத் திண்ணையில பரப்பி ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். ரெண்டு டீ காலி. எட்டுல நாலு ரன் எங்க ஃபீல்டர்கள் போட்ட தானம். நாலு இன்ட்டு ஒன்பது, வகுத்தல் பத்து. 3.60! சத்தியமா சொல்றேன், அவன் முகத்தைப் பார்க்க முடியலை.

சரி, 3.60-ன்னதும் துள்ளிக் குதிக்கலாமா? அதுவும் வெறும் 10 இன்னிங்ஸ்தான் பாஸ். 2014-ல ரஹ்மான் இசையில வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' பார்த்திருப்பீங்க. உத்தரப்பிரதேசத்துல ஈட்டி எறிஞ்சுட்டு இருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் கதை. 2008-ல அமெரிக்காவோட பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவங்களை எடுத்துச்சு. 2009-ல கீழ்மட்ட லீக்ல ரெண்டு பேருக்கும் கிடைச்சது கொஞ்ச இன்னிங்ஸ்தான். தினேஷ் 1.42, ரிங்கு 5.84. அந்தப் பேப்பரை மட்டும் பார்த்தா யாரை வீட்டுக்கு அனுப்புவீங்க? ஆனா 2010 கடைசியில டீமை விட்டு வெளியே வந்தது தினேஷ். 2012-ல 72 இன்னிங்ஸ் வீசி 3.00-ல நின்னார் ரிங்கு. (அப்புறம் அவர் மல்யுத்தத்துக்குத் தாவினது தனிக் கதை.)

பேட்டிங்லயும் இதே கூத்துதான். எங்க டீம் ஹீரோ ஒருத்தர் .400-ன்னு காலரைத் தூக்கிட்டுத் திரிஞ்சார். 10 தடவை மட்டை பிடிச்சு 4 ஹிட். 1941-ல டெட் வில்லியம்ஸ் எடுத்தது .406. ஆனா அது 456-க்கு 185! ரெண்டையும் ஒரே பெஞ்சுல உட்கார வைப்பீங்களா?

திங்கள்கிழமை புது ஷீட் ஒட்டினேன். எண்ணுக்குப் பக்கத்துல எத்தனை இன்னிங்ஸ், எத்தனை தடவைன்னு ஒரு பத்தி. ஃபீல்டர்களோட தப்புக்கு இன்னொரு பத்தி. பழைய ஷீட்ல நான் பண்ணின தப்பை பி.டி. சார்கிட்ட நானே சொன்னேன். திட்டு வாங்கினேன், அதை இங்கே அச்சுல போட முடியாது. கடைசியில, "சரி, சனிக்கிழமை முதல் ரெண்டு இன்னிங்ஸ் அவன் போடட்டும்"னார். .400 ஹீரோ மட்டும் இன்னும் என்கூட பேசறதில்லை.

சேத்துப்பட்டு போனா ஒரு விஷயம். தறி இருக்கிற அறைக்குள்ள செருப்போட நுழைஞ்சுடாதீங்க. அவங்க பாட்டிகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.