பீரோவில் இருக்கும் டிவிடியை ஒரு தடவை வெளியே எடுங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. மருத்துவம் பாதி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பாதி. பொறுமையா படிங்க.

உங்க வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில, ஒரு கல்யாண டிவிடி இருக்கும். 2006-க்கு அப்புறம் அரசு இலவச கலர் டிவி கொடுத்த காலத்துல, கூடவே ஒரு டிவிடி பிளேயரும் வாங்கி வச்சு ஓட்டினோமே, அந்தக் காலத்து டிஸ்க். அதே பீரோவில் எக்ஸ்ரே கவருக்குள்ள ஒரு ஸ்கேன் டிஸ்க்கும் இருக்கலாம். கடைசியா எப்போ போட்டுப் பார்த்தீங்க?

ஏன் கேட்கிறேன்னா, ஓபியில் எனக்கு வந்த ஒரு கேஸ். (அவங்க அனுமதியோட, அடையாளங்களை மாத்தித்தான் எழுதறேன்.)

அம்பது வயசு தாண்டிய அம்மா. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. மூணு வாரமா இருமல். சளிப் பரிசோதனையில காசநோய் இல்லை. எக்ஸ்ரேயில ஒரு சந்தேகம், சிடி ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரல் மேல்பகுதியில சின்னதா ஒரு நோடியூல், அதாவது ஒரு முடிச்சு. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை.

இந்த மாதிரி முடிச்சைப் பார்த்ததும் ரேடியாலஜிஸ்ட் கேட்கிற முதல் கேள்வி, "பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கா?" புதுசா வந்த முடிச்சுன்னா கதை வேற. நெஞ்சுக்குள்ள ஊசி விட்டு பயாப்சி, கோயம்புத்தூருக்கு அலைச்சல், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அதே முடிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல அளவு மாறாம அப்படியே இருந்தா, பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. பழைய காசநோயோ வேற கிருமித் தொற்றோ ஆறிப்போன தழும்பாக இருக்கலாம்.

2019-ல் ஒரு தனியார் சென்டரில ஸ்கேன் எடுத்திருக்காங்க. ரிப்போர்ட் காகிதம் வீடு மாறினதுல போயிருச்சு. மிச்சம் ஒரு டிவிடி. "ஏனுங்க தம்பி, இதுலதான் போட்டுக் குடுத்தாங்க. ஊட்டுல டிவியில போட்டுப் பார்த்தா ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க."

டிவியில வராதுங்க. ஸ்கேன் டிஸ்க்குல இருக்கிறது வீடியோ இல்லை. டைகாம்ங்கிற மருத்துவப் பட ஃபைல்கள். ஒவ்வொரு வெட்டுத் தோற்றத்துக்கும் ஒரு ஃபைல்னு நூத்துக்கணக்குல இருக்கும். டிவிடி பிளேயருக்கு அது புரியாது. மைக்ரோடைகாம், வீசிஸ் மாதிரி இலவச மென்பொருள் போட்டா லேப்டாப்பில திறக்கலாம்.

ஆனா என் லேப்டாப்பில டிஸ்க் டிரைவே இல்லை. இப்போ வர்ற பெரும்பாலான லேப்டாப்புல கிடையாது. அதனால டிஸ்க்கை வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். எம்பிபிஎஸ் சேர்ந்தப்போ அப்பா வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப் இன்னும் இருக்கு. விண்டோஸ் எக்ஸ்பி. கீழ்த்தளத்துல அப்பாவோட ஜாப் ஒர்க் யூனிட், ஓவர்லாக்கும் பவர் டேபிளும் ஓடும். மேல்மாடியில கம்ப்யூட்டர்.

டிஸ்க்கைப் போட்டா டிரைவ் உறுமுது, நிக்குது, மறுபடி உறுமுது. "டிஸ்க் இல்லை"ன்னு சொல்லுது.

நோயாளி டிஸ்க்கா, டிரைவா? இதை முதல்ல பிரிச்சுப் பார்க்கணும். ஒரு பாட்டு சிடி போட்டேன், ஓடுச்சு. நல்லா ஓடும்னு தெரிஞ்ச ஒரு சினிமா டிவிடி போட்டேன், திணறுச்சு. அப்போ டிரைவுலயும் கோளாறு. சிடி ஓடுதே, டிவிடி ஏன் ஓடலைன்னு தோணும். சிடியைப் படிக்கிறது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. டிவிடியில புள்ளிகள் இன்னும் பொடிசு. லென்ஸ் லேசா அழுக்கானாலும் டிவிடிதான் முதல்ல அடி வாங்கும்.

கேபினட்டைத் திறந்தேன். திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். உள்ளே மெத்தை தைக்கிற அளவுக்குப் பஞ்சு. ஃபேன் இழுத்து இழுத்து உள்ளே சேர்த்து வச்சிருக்கு. (இதே பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கா சுவாசிச்சா பைசினோசிஸ்னு ஒரு நுரையீரல் நோய் வரும். ஸ்பின்னிங் மில்லில புளோ ரூம், கார்டிங் பக்கம் அதிகம். லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிச்சா சாதாரண சளின்னு விட்டுடாதீங்க. அது தனிப் பதிவு, இன்னொரு நாள்.)

கரண்டை ஆஃப் பண்ணி, டிரைவைக் கழட்டி, லென்ஸுல இருந்த தூசியைக் காத்தடிக்கிற ரப்பர் பல்பால ஊதினேன். வாயால ஊதாதீங்க, எச்சில் படும். அப்புறம் காட்டன் பட்ஸில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, லென்ஸை வருடுற மாதிரி ஒரு தடவை. அழுத்தினா லென்ஸ் பிடிச்சிருக்கிற மெல்லிய கம்பி போயிரும். டிரே திறக்கலைன்னா முன்னாடி ஒரு குட்டி ஓட்டை இருக்கும். மின்சாரம் இல்லாதப்போ குண்டூசியை விட பெரிய பேப்பர் கிளிப்பை நீட்டிக் குத்தினா வெளியே வரும்.

அடுத்தது டிஸ்க். சாதா தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, அப்புறம் நம்ம ஊர் பனியன் வேஸ்ட். காதர்பேட்டைப் பக்கம் கிலோ கணக்குல கிடைக்கிற அந்த வெள்ளைத் துணியை விட மெத்துன்னு எதுவும் இல்லை. ஆனா வட்டமா துடைக்கக் கூடாது. நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா துடைக்கணும். தகவல் வட்டச் சுற்றாப் பதிஞ்சிருக்கு. குறுக்கே விழுற சின்னக் கீறலை டிரைவே கணக்குப் போட்டுச் சரிசெய்துக்கும். சுற்றோடவே ஓடுற நீளக் கீறல்னா சமாளிக்காது. கறை எடுக்கிற கெமிக்கல், தின்னர் எதுவும் வேண்டவே வேண்டாம், டிஸ்க்கோட பிளாஸ்டிக் வெந்துரும்.

டிஸ்க் இப்போ தெரிஞ்சது. காப்பி மட்டும் நத்தை மாதிரி. இது எக்ஸ்பியோட பழைய வியாதி. டிஸ்க் படிக்கிறதுல ஆறு தடவை பிழை சேர்ந்தா, டிரைவை டிஎம்ஏங்கிற வேகமான முறையில இருந்து பிஐஓங்கிற மெதுவான முறைக்கு அதுவே இறக்கிடும், திரும்ப ஏத்தாது. சினிமா டிவிடி விட்டு விட்டு ஓடுறதுக்கும் இது ஒரு காரணம். டிவைஸ் மேனேஜரில அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணினா, புதுசா கண்டுபிடிச்சு மறுபடி வேகமாயிரும்.

நடுவுல சில ஃபைல்கள் வரவே இல்லை. விண்டோஸ் சாதாரண காப்பி ஒரு பிழை வந்தாலே மொத்தத்தையும் நிறுத்திடும். அன்ஸ்டாப்பபிள் காப்பியர்னு ஒரு இலவச மென்பொருள், கெட்டுப்போனதைத் தாண்டி மத்ததை எடுக்கும். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன்.

காலையில பென் டிரைவோட போய் ரேடியாலஜிஸ்ட்கிட்ட கொடுத்தேன். பழையதும் புதுசும் பக்கத்துப் பக்கத்துல. நாலஞ்சு வெட்டுத் தோற்றம் இல்லைதான், ஆனா வேண்டிய இடம் இருந்துச்சு. அதே இடம், அதே அளவு, நடுவுல சுண்ணாம்பு படிஞ்ச வெள்ளை. நெஞ்சக நோய் மருத்துவரும் பார்த்தார். பயாப்சி வேண்டாம்னு முடிவு. இருமல் வேற காரணம், அதுக்கு மருந்து கொடுத்தோம்.

இந்த ஃபைல்களுக்குள்ள உங்க பேர், வயசு எல்லாம் எழுதியிருக்கும். வாட்ஸ்அப் குரூப்புல போட்டு "இது என்னன்னு பாருங்க"ன்னு கேட்காதீங்க ப்ளீஸ்.

சரி, உங்க கல்யாண டிவிடிக்கு வர்றேன். விண்டோஸ் 8-ல இருந்து டிவிடி ஓட்டுற வசதியையே மைக்ரோசாஃப்ட் எடுத்துட்டாங்க. டிரைவ் நல்லா இருந்தாலும் படம் வராது. விஎல்சி இலவசம், அதைப் போட்டுக்கங்க. பாரிஸ்ல காலேஜ் பசங்க ஆரம்பிச்ச வேலை, இன்னிக்கும் காசு கேட்கறதில்லை. சிங்கப்பூர்ல வாங்கின ஒரிஜினல் டிவிடின்னா ரீஜன் பிரச்சினை வரும், நம்ம நாடு 5, அவங்க 3. டிரைவுல அஞ்சு தடவைதான் மாத்த முடியும். ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதுக்கு எதிரி வெயில். வீட்ல எழுதுற டிஸ்க்குல தகவல் பதிவாறது ஒரு சாயப் பூச்சுல. சாயம் வெளுக்கிறது எப்படின்னு நம்ம ஊருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓடுறப்பவே விடியோ டிஎஸ் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரு பென் டிரைவுக்கும் காப்பி எடுத்துருங்க.

அந்த அம்மா அடுத்த ரிவ்யூவுக்கு வந்தப்போ மஞ்சப் பையில மூணு டிவிடி. மக கல்யாணம். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டரா இருந்தவர், தவறி ஆறு வருஷம். ஃபோட்டோ இருக்கு, பேச்சு இதுல மட்டும்தான்னு சொன்னாங்க. ரெண்டு டிஸ்க் முழுசா வந்துருச்சு. தாலி கட்டுறப்போ யாரையோ "தள்ளி நில்லு கண்ணு, கேமராவுக்கு மறைக்குது"ன்னு அதட்டுறார். ஓபியில வச்சே மொபைல்ல அதை நாலு தடவை கேட்டாங்க.

மூணாவது டிஸ்க் ரிசப்ஷன். அது எந்த டிரைவுலயும் வரலை. வருத்தமாத்தான் சொன்னேன்.

"பரவால்லீங்க தம்பி. ரிசப்ஷன்ல அவரு இல்லவே இல்லீங்க, பந்தியிலதான் நின்னுட்டிருந்தாரு."