கச்சேரி ரோட்டில் சாம்புவோடு

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கும் தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு ராமகிருஷ்ண மடம் சாலைக்குள் நுழையும்போது மணி பத்தரை. அல்லயன்ஸ் பதிப்பகத்தில் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ வாங்க வேண்டும். வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டே மயிலாப்பூரைச் சுற்ற வேண்டும்.

இந்த ஆசையைக் கிளப்பியது ‘மிட்சமர் மர்டர்ஸ்’. 1997இல் தொடங்கிய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். புல்வெளி, தேவாலயம், பூச்செடிப் போட்டி என்று அமைதியாக இருக்கும் கிராமத்தில் ஒரு கதைக்கு இரண்டு மூன்று கொலை விழும். அதில் காஸ்டன் என்று வரும் ஊர், நிஜத்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வாலிங்ஃபோர்ட். ரசிகர்கள் அங்கே போய்த் தெருத் தெருவாக நடக்கிறார்கள். துப்பறியும் கதைகளைத் தின்று வளர்ந்த நமக்கு அப்படி நடக்க ஒரு தெரு வேண்டாமா?

1901இல் தொடங்கிய பதிப்பகம் அல்லயன்ஸ். “சாம்புவா மேடம்? இன்னும் கேட்டு வராங்க” என்று எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். 1942இல் ஆனந்த விகடனில் வந்த சாம்பு, ஊரே அசடு என்று நினைத்த பேங்க் குமாஸ்தா. அவர் தடுக்கி விழும் இடத்தில் துப்பு கிடைக்கும், இன்ஸ்பெக்டர் கோபாலன் வாய் பிளப்பார்.

குளக்கரை ஓரமாகப் புரட்டிக்கொண்டே நடந்தேன். சாம்பு மெட்ராஸ்காரர்தான். ஆனால் தேவன் வரைந்தது மனிதர்களை; தெரு பின்னால் எங்கோ நிற்கிறது. சுஜாதாவின் கணேஷுக்கும் வசந்துக்கும் ஆபீஸ் தம்புச் செட்டித் தெருவில். அவர்கள் கதைகளில் எனக்கு நினைவிருப்பது பேச்சின் வேகம். ஊரே ஒரு பாத்திரமாக வர வேண்டும் என்றபோது சுஜாதா ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வுக்காக நாட்டுப்புறப் பாடல் தேடும் ஒருவனைக் கிராமத்துக்கு அனுப்பினார். தி. நகர் தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரம் இருக்கிறது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்த தமிழ்வாணனின் சங்கர்லால் அங்கே கிடைப்பார். அவருக்கோ உலகமே களம்.

நம் தெரு எதுவும் இவர்கள் கதைகளில் பாத்திரமாக வராதது எனக்குக் குறையாகவே படுகிறது. கிராமம் தேடி ஏன் போக வேண்டும்? மாட வீதியில் பத்து நிமிஷம் நின்றால் போதும். யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், யார் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பது பூக்கடையிலேயே தெரிந்துவிடும். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்தான் கொலைக் கதைக்கு வேண்டும்.

கச்சேரி ரோட்டுக்கு வந்தேன். டிசம்பர் சீசன் பழக்கத்தில் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடுவோம். சர்க்கார் கச்சேரியால் வந்த பெயர் அது. இப்போதும் மயிலாப்பூர் போலீஸ் ஸ்டேஷன் இந்த ரோட்டில்தான். கோபாலனுக்கு வேறு என்ன வேண்டும்!

கடைசியாக நாட்டு மருந்து விற்கும் டப்பா செட்டி கடை. சுக்கும் ஓமமும் அதிமதுரமும் கலந்த வாசனை வாசலிலேயே வந்து பிடித்துக்கொண்டது. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் டார்க்கீ நகரத்து மருந்தகத்தில் வேலை பார்த்தவர். 1920இல் வெளிவந்த முதல் நாவலிலேயே கொல்லும் நஞ்சு ஸ்ட்ரிக்னின், நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு. எந்த மருந்து எவ்வளவு, யாருக்குப் போகிறது என்று கவனிக்கிற கண் அங்கே வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கண் இங்கேயும் இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற மாமி “பிரசவ லேகியச் சாமான்” என்று வாயெடுத்ததுமே, “பொண்ணு வந்துட்டாளா மாமி? எட்டாம் மாசம்னேளே” என்றார் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர். மாமி ஊர்க்கதை முழுவதும் சொல்லி முடித்தார். வரிசையில் நின்ற ஆறு பேருக்கும் இப்போது மாப்பிள்ளையின் சம்பளம் தெரியும்.

என் முறை வந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல், “நூறு கிராம் சித்தரத்தை” என்றேன்.

பொட்டலம் மடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “வீட்ல யாருக்கும்மா இருமல்?”